டென்ட்டை மாற்றுவதற்கு முன்னால் பாயை மாற்றுங்கள்

கேள்வி: பெங்களூரு ஹொரமாவில் இருக்கிறோம். நான், கணவர், 11 வயதில் மகள், 6 வயதில் மகன். போன டிசம்பரில் கோலார் பக்கம் ஒரு கேம்ப்சைட்டில் ஒரு ராத்திரி தங்கினோம். ஆன்லைனில் வாங்கிய ‘நாலு பேர் டென்ட்’, வீட்டிலிருந்து ஒரு ஜமுக்காளம், ஆளுக்கொரு போர்வை, அவ்வளவுதான் கொண்டுபோனது. மழையே இல்லை. ஆனாலும் விடியற்காலையில் டென்ட்டின் கூரையிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்தது. குளிரில் யாருமே தூங்கவில்லை. மகன் ‘இனிமே வரமாட்டேன்’ என்கிறான். விலை உயர்ந்த டென்ட்டாக வாங்கினால் சரியாகிவிடுமா? ஸ்லீப்பிங் பேக் எத்தனை டிகிரி தாங்குவதாக வாங்குவது? அடுத்த முறை 66 வயது மாமியாரும் வருவதாகச் சொல்கிறார்.

பதில்: முதலில் உங்கள் மகனுக்காகத்தான் கவலைப்படுகிறேன். ஆறு வயதில் ராத்திரி முழுக்க நடுங்கிய பிள்ளைக்கு மலையும் நட்சத்திரமும் நினைவில் நிற்காது, நடுக்கம்தான் நிற்கும். அடுத்த முறை அவன் அசந்து தூங்க வேண்டும். அதற்கு விலை உயர்ந்த டென்ட் வேண்டியதில்லை.

கூரையிலிருந்து சொட்டியது ஒழுகல் இல்லை. மழை இல்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அது உங்கள் நாலு பேரின் மூச்சு. பெரியவர் ஒருவரின் மூச்சிலும் தோலிலும் ராத்திரி முழுக்க ஆவியாகப் போகும் தண்ணீர் ஒரு டம்ளருக்குக் குறையாது. நாலு பேருக்கும் சேர்த்தால் கிட்டத்தட்ட ஒரு சொம்பு. மேகமில்லாத டிசம்பர் ராத்திரியில் டென்ட்டின் துணி, சுற்றியிருக்கும் காற்றைவிடவும் சில்லென்று ஆகிவிடும். ஆவி அதில் பட்டதும் துளியாகிவிடுகிறது. சாதம் வடித்த பானையின் மூடியைத் திறந்தால் உள்பக்கம் முத்து முத்தாக நிற்குமே, அதேதான். குளிருக்குப் பயந்து எல்லா ஜிப்பையும் இழுத்து மூடியிருப்பீர்கள். மூட மூடத்தான் சொட்டும்.

ஆகவே உங்கள் அடுத்த டென்ட் இரண்டு அடுக்காக இருக்கட்டும். உள்ளே காற்றுப் போகிற வலைத்துணி, அதற்கு மேல் ஒரு சாண் இடைவெளி விட்டு மழைத்துணி. ஆவி வலையைத் தாண்டிப் போய் மேல்துணியில் துளியாகும். அந்தத் துளி துணியின் சரிவிலேயே ஓடித் தரையில் இறங்கிவிடும், உங்கள் முகத்தில் விழாது. ஒற்றைத் துணி டென்ட் எந்தக் கம்பெனியாக இருந்தாலும் குடும்பத்துக்கு வேண்டாம். மேல்துணியைக் கயிறு கட்டி வெளியே இழுத்து வைப்பது முக்கியம். இரண்டு துணியும் ஒட்டிக்கொண்டால் இரண்டு அடுக்கு இருந்தும் பயன் இல்லை. உச்சியில் இருக்கும் காற்றுத்துளையை எந்தக் குளிரிலும் மூடாதீர்கள். ஈரத் துண்டு, நனைந்த சாக்ஸ் எல்லாம் வெளியே தொங்கட்டும். ஏரிக்கரையில் காட்சி நன்றாக இருக்கும்தான், ஆனால் ஈரமும் அங்கேதான் அதிகம். நாலடி மேடான இடமாகப் பாருங்கள்.

இப்போது குளிருக்கு வருகிறேன். நீங்கள் போர்வைக்குப் பதில் ஸ்லீப்பிங் பேக் கேட்கிறீர்கள். நான் ஜமுக்காளத்தைச் சந்தேகப்படுகிறேன்.

போர்வையோ ஸ்லீப்பிங் பேகோ தானாகச் சூடு தருவதில்லை. அதன் இழைகளுக்குள் அசையாமல் நிற்கும் காற்றுதான் உடம்புச் சூட்டைப் பிடித்து வைக்கிறது. உங்களுக்கு மேலே இருக்கும் பகுதி உப்பலாக இருக்கும், அதனால் வேலை செய்யும். முதுகுக்குக் கீழே இருக்கும் பகுதி உங்கள் எடையில் அப்பளமாக நசுங்கிவிடும். அங்கே காற்று இல்லை, காப்பும் இல்லை. ராத்திரி முழுக்க உடம்புச் சூட்டை மண் உறிஞ்சிக்கொண்டே இருக்கும். பவானி ஜமுக்காளம் அருமையான விரிப்பு, கல்யாணப் பந்திக்கு அதை மிஞ்ச ஒன்றும் இல்லை. ஆனால் அது பருத்தி. மண்ணின் ஈரத்தைக் குடித்துக்கொள்ளும், பிறகு அதுவே குளிருக்குத் துணையாகிவிடும். நடுராத்திரி விழிப்பு வந்தபோது இடுப்பும் தோளும் சில்லிட்டு, மேலே மட்டும் கதகதப்பாக இருந்ததா என்று யோசித்துப் பாருங்கள். அப்படியென்றால் இன்னும் இரண்டு போர்வை போட்டிருந்தாலும் தூக்கம் வந்திருக்காது.

எனவே முதல் காசு, கீழே விரிக்கும் பாய்க்கு, அதாவது கேம்ப்பிங் ‘மேட்’டுக்கு. கடையில் ‘ஆர்-வேல்யூ’ என்று ஒரு எண் போட்டிருப்பார்கள். தரைக்குச் சூடு போகாமல் எவ்வளவு தடுக்கிறது என்பதன் அளவு அது. பெங்களூரைச் சுற்றியுள்ள குன்றுகளுக்கு 2 இருந்தால் போதும், 3 இருந்தால் சொகுசு. இரண்டு சென்டிமீட்டர் கனமுள்ள, மடக்கி எடுத்துப்போகும் ஃபோம் மேட் கிட்டத்தட்ட இந்த 2-ஐத் தந்துவிடும். முள் குத்தினாலும் அதற்கு ஒன்றும் ஆகாது, பிள்ளைகள் குதிக்கலாம். ஒன்றின் மேல் ஒன்று போட்டால் இந்த எண்கள் கூடிக்கொண்டே போகும் என்பதையும் நினைவில் வையுங்கள். வீட்டில் பிள்ளைகள் விளையாட வாங்கிய பசில் மேட் பரணில் கிடந்தால் இறக்குங்கள். அதைக் கீழே பரப்பி, மேலே யோகா மேட் போட்டாலே பாதி வேலை முடிந்தது. ஜமுக்காளத்தையும் விட வேண்டாம், எல்லாவற்றுக்கும் மேலே விரியுங்கள். உடம்புக்கு இதமாக இருக்கும்.

பம்ப் வைத்து ஊதும் பெரிய காற்றுமெத்தையைப் பார்த்து மயங்காதீர்கள். மெத்துமெத்தென்று இருக்கும், ஆனால் உள்ளே ஃபோமோ இழையோ இல்லாத வெறும் காற்று சுற்றிச் சுற்றி வந்து சூட்டை மேலிருந்து வாங்கித் தரைக்குக் கொடுத்துவிடும். அதைத்தான் வாங்குவேன் என்றால் அதன் மேல் ஃபோம் மேட் ஒன்று அவசியம்.

வாங்கியதை மலைக்குக் கொண்டுபோய்ச் சோதிக்காதீர்கள். ஒரு டிசம்பர் ராத்திரி பத்து மணிக்கு உங்கள் பால்கனித் தரையில் விரித்து, மெல்லிய சட்டையோடு ஒருக்களித்துப் படுங்கள். கால் மணி நேரத்தில் இடுப்பெலும்பு பதில் சொல்லிவிடும்.

சரி, ஸ்லீப்பிங் பேக். கடைக்காரர் மைனஸ் 5 டிகிரி என்று எடுத்துக் காட்டுவார். பெங்களூரு நகரத்தில் இதுவரை பதிவானதிலேயே குறைந்த வெப்பம், 1884 ஜனவரி 13 அன்று பதிவான 7.8 டிகிரி. மார்கழி, தை மாதங்களில் விடியற்காலை சாதாரணமாக 15, 16 டிகிரிக்கு வரும். மலைக்குப் போனால் ஆயிரம் மீட்டர் உயரத்துக்குச் சுமார் ஆறு டிகிரி குறையும் என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். பெங்களூரு சுமார் 920 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நந்தி மலை 1,478 மீட்டர். கர்நாடகத்திலேயே உயரமான முள்ளய்யனகிரி 1,930 மீட்டர். நகரத்தின் சிமென்ட் சூடு இல்லாத திறந்தவெளி என்பதற்காக இன்னும் இரண்டு மூன்று டிகிரி கழித்துக்கொள்ளுங்கள். கோலார், ராமநகரா, ஏலகிரி, ஏற்காடு பக்கமெல்லாம் ‘கம்ஃபர்ட் 10’ என்று போட்ட பேக் போதும். சிக்கமகளூரு மலைகளுக்கு 5. உறைபனி விழும் ஊட்டிக்கு ஜனவரியில் போவதானால்தான் பூஜ்யத்தைப் பற்றி யோசிக்க வேண்டும். மைனஸ் 5 பேக்குக்குள் ராமநகராவில் படுத்தால் வியர்த்து, அந்த ஈரத்திலேயே விடியற்காலை நடுங்குவீர்கள்.

பேக்கில் மூன்று எண்கள் இருக்கும். கம்ஃபர்ட் என்பதை மட்டும் பாருங்கள். ஐஎஸ்ஓ 23537 என்ற தர அளவுகோலின்படி கம்ஃபர்ட் எண் ஒரு சராசரிப் பெண்ணுக்கும், லிமிட் எண் சுருண்டு படுக்கும் ஒரு சராசரி ஆணுக்கும் கணக்கிடப்படுகிறது. எக்ஸ்ட்ரீம் என்பது உயிர் போகாமல் ஆறு மணி நேரம் தாங்கலாம் என்ற எண்; கேம்ப் போகிறவர் அதைப் பார்க்கவே கூடாது. பெரிய எழுத்தில் ஒரே ஒரு எண்ணை மட்டும் போட்டு, அது எது என்று சொல்லாத பேக்கை நான் வாங்க மாட்டேன். இன்னொன்று: இந்த எண்களுக்கான சோதனையில் ஆளுயரப் பொம்மை ஒன்றுக்கு உள்ளாடை போட்டு, மேட்டின் மேல் படுக்க வைத்துத்தான் அளக்கிறார்கள். கீழே மேட் இல்லையென்றால் அந்த எண்ணை நம்ப முடியாது.

இந்த அளவுகோல் பிள்ளைகளின் பேக்குகளுக்குக் கிடையாது. அதனால் பிள்ளைகள் இருவருக்கும் எழுதியிருப்பதைவிட ஐந்து டிகிரி கூடுதல் காப்பாக எடுங்கள். மகனுக்குப் பெரியவர் பேக் கொடுத்தால் கால் பக்கம் மிஞ்சும் இடத்தை மடித்து ஒரு கயிற்றால் கட்டிவிடுங்கள். காலியான இடத்தைச் சூடாக்கியே பிள்ளையின் உடம்பு களைத்துவிடும். வாத்து இறகு அடைத்த பேக் லேசானதுதான், ஆனால் நனைந்தால் உப்பல் போய் உதவாமல் போகும். நம் ஊர் ஈரத்துக்கும் பிள்ளைகள் கொட்டும் பாலுக்கும் செயற்கை இழைதான் சரி.

ஒன்றை ஒளிவு மறைவில்லாமல் சொல்லிவிடுகிறேன். நீங்கள் காரில் போகிறீர்கள், முதுகில் சுமக்கப் போவதில்லை. நல்ல மேட் வாங்கிவிட்டு, வீட்டுக் கம்பளியையே ஆளுக்கு இரண்டு எடுத்துப் போனாலும் இந்த ஒரு வருடம் ஓட்டிவிடலாம். பெங்களூரில் டென்ட்டும் பேக்கும் வாடகைக்குக் கொடுப்பவர்கள் நிறைய இருக்கிறார்கள். இரண்டு முறை வாடகைக்கு எடுத்துப் படுத்துப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

டென்ட்டின் அளவுக்கு வருகிறேன். ‘நாலு பேர்’ என்றால் நாலு மேட் ஒட்டி ஒட்டி விரிக்க இடம் என்று அர்த்தம். ஒரு மேட் சுமார் 55 சென்டிமீட்டர் அகலம். புரளவும் முடியாது, பை வைக்கவும் இடம் இருக்காது. நாலு பேருக்கு ஆறு பேர் டென்ட் பாருங்கள். பெட்டியில் போட்டிருக்கும் நீள அகலத்தை மொட்டைமாடியில் சாக்பீஸால் கோடு போட்டு, நாலு பேரும் அதற்குள் படுத்துப் பாருங்கள். கூரை ஓரத்தில் தாழ்வாகச் சரியும் என்பதால் ஓரத்தில் படுப்பவருக்கு அரை அடி கழித்துவிடுங்கள்.

எங்கள் பக்கத்து மலைகளுக்கே உரிய ஒரு சங்கதி: தரை பெரும்பாலும் பாறை. லால்பாக் பூங்காவில் பிள்ளைகளைக் கூட்டிப்போகும் பாறையைப் போலத்தான் சாவன்துர்கா, அந்தரகங்கை மலைகளும். முளை இறங்காது. முளை அடிக்காமலே கம்பிகளின் பலத்தில் தானாக நிற்கும் டென்ட்டாக இருக்க வேண்டும். கயிறுகளைப் பெரிய கற்களில் சுற்றிக் கட்டலாம். கம்பி அலுமினியமாக இருந்தால் நல்லது. கண்ணாடியிழைக் கம்பி விலை குறைவு, ஆனால் காற்றில் நீளவாக்கில் பிளந்து சிலாம்பு கையில் ஏறும்.

மழைக்கு, எவ்வளவு உயரத் தண்ணீரின் அழுத்தத்தைத் துணி ஒழுகாமல் தாங்கும் என்பதை மில்லிமீட்டரில் போட்டிருப்பார்கள்; மேல்துணி 2,000, தரைத்துணி 3,000 என்று இருந்தால் போதும். தையல்களின் உள்பக்கம் நாடா ஒட்டியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். கீழே போடும் தார்ப்பாய் டென்ட்டைவிடச் சின்னதாக இருக்கட்டும். வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் மழைத்தண்ணீரை வாங்கி உங்கள் முதுகுக்குக் கீழே கொண்டுவந்து சேர்த்துவிடும். செப்டம்பர், அக்டோபர் பெங்களூருக்கு நல்ல மழை மாதங்கள், ஏப்ரல் மே மாதங்களில் சாயங்கால இடி. புதிதாகத் தொடங்குகிறவர்கள் டிசம்பர் முதல் பிப்ரவரிக்குள் போய்விடுங்கள்.

திரும்பி வந்ததும் டென்ட்டை நிழலில் முழுக்கக் காயவைத்த பிறகுதான் மடிக்க வேண்டும். ஓர் அக்டோபரில் நனைந்தபடியே சுருட்டிப் பரணில் போட்டேன். மூன்று மாதம் கழித்துப் பிரித்தால் ஒரே முடை நாற்றம், தரைத்துணியின் பூச்சு விரலில் பிசுபிசுவென்று ஒட்டிக்கொண்டு வந்தது. துவைத்தும் பயன் இல்லை, தூக்கித்தான் போட வேண்டியிருந்தது. ஸ்லீப்பிங் பேக்கை அந்தச் சின்னப் பையில் அமுக்கி வைக்காமல் பீரோவில் தளர்வாகத் தொங்கவிடுங்கள்.

குளிர்கிறது என்று டென்ட்டுக்குள் கரி அடுப்பையோ கேஸ் ஸ்டவ்வையோ மட்டும் கொண்டுபோய்விடாதீர்கள். அணைந்ததாகத் தெரியும் கரியிலிருந்தும் கார்பன் மோனாக்சைடு வரும். அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தூங்குகிறவர்கள் எழுந்திருக்காமலே போய்விடுவார்கள். சூடு வேண்டுமென்றால் நன்றாக மூடிய பாட்டிலில் வெந்நீர் ஊற்றி, துணி சுற்றிக் கால்மாட்டில் வையுங்கள். வனத்துறை அனுமதி இல்லாமல் காட்டில் டென்ட் போடவும் கூடாது. கனகபுரா பக்கம் யானை நடமாட்டம் உண்டு, ராமநகரா குன்றுகளில் சிறுத்தை உண்டு.

உங்கள் மாமியாரைத் தாராளமாகக் கூட்டிப்போங்கள். ஐந்து பேராகிவிட்டதால் ஒரே டென்ட்டில் அடைக்காமல் அவருக்கும் பேத்திக்கும் தனியாக ஒரு மூன்று பேர் டென்ட் போடுங்கள். தரையில் உட்கார்ந்து எழுவது சிரமமென்றால் மடக்குக் கட்டில் கிடைக்கிறது, ஆனால் அதன் உயரத்துக்குக் கூரை போதுமா என்று பார்த்து வாங்குங்கள். கட்டிலுக்கு அடியிலும் காற்று ஓடிக் குளிரும். கட்டிலின் மேலும் ஃபோம் மேட் விரிக்க வேண்டும், பலர் விடுவது இதைத்தான். தலைக்குக் குல்லா, காலுக்குக் காய்ந்த சாக்ஸ். ராத்திரி ஒன்றிரண்டு முறை எழுந்து போக வேண்டியிருக்கும், அதனால் கதவோரத்து இடம் அவருக்கு. வெளியே நீட்டிக் கட்டிய கயிறுகளில் கால் தட்டாமல் இருக்க ஒவ்வொன்றிலும் ஒரு வெள்ளைத் துணித் துண்டு கட்டிவிட்டு, டார்ச்சை அவர் தலைமாட்டிலேயே வையுங்கள்.