மனநல ஆய்வைச் சேவையாக மாற்றும் பல்கலைக்கழக வேலையில் என்ன செய்வார்கள்?

மனநல ஆய்வு முடிவுகளைச் சேவைக்குக் கொண்டுபோகும் ஆய்வாளர் பணிக்கு விண்ணப்பிக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். புதுச் சிகிச்சை கண்டுபிடிக்கும் வேலை இல்லை இது. பலன் தரும் என்று ஏற்கெனவே தெரிந்த ஒன்று ஏன் கிளினிக்கிற்குள் வந்து சேரவில்லை என்று பார்ப்பதுதான்.

உதாரணத்துக்கு, ஜிம்பாப்வேயின் தலைநகர் ஹராரேயில் மனநல மருத்துவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவில்தான் இருந்தார்கள், அதனால் அந்நாட்டு மனநல மருத்துவர் டிக்சன் சிபாண்டாவின் குழு பாட்டிமாருக்குப் பயிற்சி கொடுத்து, கிளினிக் வளாகத்தில் ஒரு பெஞ்சில் உட்காரவைத்து, வருபவரின் பிரச்சினைகளை ஒவ்வொன்றாகப் பேசி வழி தேட வைத்தது. 'மனச்சோர்வு' என்று சொல்லாமல், அளவுக்கு மீறி யோசிப்பது என்று பொருள்படும் 'குஃபுங்கிசிசா' என்ற மக்களின் சொல்லையே எடுத்துக்கொண்டார்கள். 24 கிளினிக்குகளில் 573 பேரை வைத்து நடந்த சோதனையின் முடிவு 2016-ல் வெளிவந்தது. பெஞ்சில் பேசியவர்களுக்கு ஆறு மாதத்தில் மனச்சோர்வு அறிகுறிகள், வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களைவிட நன்றாகவே குறைந்திருந்தன.

சரி, தினசரி வேலை? நர்ஸுகளிடம் பேட்டி, நோயாளிகளோடு சேர்ந்து திட்டமிடுவது, அப்புறம் இரண்டாவது சந்திப்புக்கு யார் வரவில்லை என்று பதிவேட்டைப் புரட்டுவது. இந்தக் கடைசி வேலைதான் என் கணக்கில் உயிர்நாடி: வராதவரைத் தேடிப்போய்க் கேட்டால்தான் நேரம் ஒத்துவரவில்லையா, பஸ்ஸுக்குக் காசில்லையா, தெரிந்தவர்கள் பார்த்துவிடுவார்கள் என்ற பயமா என்று புரியும். புள்ளியியலோடு நேர்காணல் முறையும் பழகியிருந்தால் தயங்காமல் விண்ணப்பியுங்கள்.