வாங்கும்போதே 3 அடி கூடுதல்: ஆர்.டி.ஓ. நோட்டீஸுக்கு என்ன பதில் எழுதுவது?

கேள்வி: நான் நாமக்கல் மாவட்டத்துக்காரன். ஒரே ஒரு ட்ரெய்லர் லாரி, நானேதான் ஓட்டுகிறேன். 2018 மாடல், பி.எஸ்.-4 மாசு விதிப்படி வந்த வண்டி. போன வருடம் புரோக்கர் மூலம் செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். இரண்டு மாதத்துக்கு முன் ரோட்டில் நிறுத்திய பிரேக் இன்ஸ்பெக்டர் டேப் பிடித்துப் பார்த்துவிட்டு, ஆவணத்தில் இருப்பதைவிட ட்ரெய்லர் 3 அடி நீளம் என்றார். பிரிவு 194(1ஏ) போட்டு 20,000 ரூபாய்க்குச் சலான் கொடுத்தார். அன்றைக்கு ஏற்றியிருந்த குழாய்கள் ட்ரெய்லரைவிட்டு ஒரு விரல் அளவுகூட வெளியே நீட்டவில்லை. இப்போது, பதிவை ஏன் நிறுத்தி வைக்கக் கூடாது என்று கேட்டு ஆர்.டி.ஓ. ஆபீஸிலிருந்து பதிவுத் தபால் வந்திருக்கிறது. இந்த அலைச்சலில் வண்டியைப் பட்டறையில் விட்டபோது இன்னொன்றும் தெரிந்தது. யூரியா ஊற்ற வேண்டிய அமைப்பை வேலை செய்யாமல் ஆக்கி, ஒரு சின்னப் பெட்டியை மாட்டி வைத்திருக்கிறார்கள். புகைச் சான்று நடப்பில்தான் இருக்கிறது. இரண்டையுமே நான் செய்யவில்லை. நீளத்தை ஆர்.சி.யில் ஏற்றிச் சரிசெய்துகொள்ளலாமா? அபராதம் கட்டியே ஆக வேண்டுமா? விற்றவரிடம் பணம் கேட்கலாமா?

பதில்: அபராதத்தை அப்புறம் பார்ப்போம். முதலில் அந்தப் பதிவுத் தபால். அது மோட்டார் வாகனச் சட்டத்தின் 53-வது பிரிவில் வருகிற நோட்டீஸ். உங்கள் விளக்கத்தைக் கேட்காமல் பதிவை நிறுத்தி வைக்க அவர்களுக்கு அதிகாரம் இல்லை. ஆனால் விளக்கம் கேட்டும் நீங்கள் பேசாமல் இருந்துவிட்டால், காரணத்தை எழுதிவைத்து நிறுத்திவிடலாம். வண்டி ஓடாத ஒவ்வொரு நாளும் தவணை மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். எனவே குறித்திருக்கும் தேதிக்குள் எழுத்தில் பதில் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அதையும் மீறி நிறுத்திவைப்பு உத்தரவு வந்தால், அது கையில் கிடைத்த நாளிலிருந்து 30 நாளுக்குள் 57-வது பிரிவில் மேல்முறையீடு செய்யலாம். தபால் உறையைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். கிடைத்த தேதிக்கு அதுதான் சாட்சி.

பதிலில் என்ன எழுதுவது? ‘வாங்கும்போதே அப்படித்தான் இருந்தது, நான் என்ன செய்வேன்’ என்று எழுதத்தான் கை போகும். உண்மையும் அதுதான், எழுதவும் வேண்டும். ஆனால் அந்த வாக்கியம் எது வரைக்கும் செல்லும் என்று தெரிந்துகொண்டு எழுதுங்கள்.

தயாரிப்பாளர் கொடுத்த அளவுக்கும் ஆர்.சி.யில் உள்ள விவரத்துக்கும் மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்பது பிரிவு 52. மாற்றினால் தண்டனை என்பது 2019 திருத்தத்தில் வந்த 182ஏ(4): ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். அந்தப் பிரிவின் வாசகத்தைக் கவனியுங்கள். உரிமையாளராக இருந்துகொண்டு எவர் மாற்றுகிறாரோ அவருக்குத்தான் தண்டனை. நீங்கள் மாற்றவில்லை. உங்களுக்கு முன்னால் இருந்தவர் மாற்றியிருக்கிறார். இந்தப் பிரிவில் உங்கள் மேல் வழக்குப் போட்டால் நல்ல எதிர்வாதம் இருக்கிறது. ஆனால் பதிவு நிறுத்திவைப்பும் எஃப்.சி.யும் (வண்டி ஓடத் தகுதியானது என்ற சான்று) அப்படி இல்லை. அங்கே யார் வெல்டிங் வைத்தார்கள் என்று யாரும் கேட்கப் போவதில்லை. இந்த வண்டி இன்றைக்கு எந்த நிலையில் நிற்கிறது என்று மட்டும்தான் பார்ப்பார்கள். ஆகவே உங்கள் பதிலில் இரண்டு விஷயம் இருக்க வேண்டும். ஒன்று, மாற்றியது நான் இல்லை, இதோ நான் வாங்கிய தேதி, இதோ பெயர் மாற்றிய ஆவணம். இரண்டு, கூடுதல் பகுதியை இத்தனை நாளுக்குள் எடுத்துவிட்டு ஆய்வுக்குக் கொண்டுவருகிறேன். இரண்டாவது இல்லாத பதிலால் பெரிய பலன் கிடைக்காது.

சரி, எடுக்காமல் நீளத்தை ஆர்.சி.யிலேயே ஏற்றிக்கொள்ள முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். நடக்காது என்றுதான் நினைக்கிறேன். கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில், தயாரிப்பாளரின் மூல அளவுகளிலிருந்து விலகி வண்டியை மாற்ற முடியாது என்று சொல்லிவிட்டது. ட்ரெய்லர்களுக்கு ஏ.ஐ.எஸ்.-113 என்ற கட்டுமான விதித்தொகுப்பு இருக்கிறது. அதன்படி சோதனை செய்து ஒப்புதல் வாங்கிய மாதிரியைத்தான் பதிவு செய்கிறார்கள். ஊர்ப் பட்டறையில் ஒட்டவைத்த 3 அடிக்கு அந்த ஒப்புதல் எங்கிருந்து வரும்?

‘மொத்த நீளம் சட்ட வரம்புக்குள்தானே இருக்கிறது’ என்ற வாதத்தை என்னிடம் வருகிற பாதிப் பேராவது சொல்வார்கள். நீளம், அகலம், உயரம் எல்லாம் மத்திய மோட்டார் வாகன விதிகளின் விதி 93-இல் வருகிறது. அகலம் 2.6 மீட்டர், ட்ரெய்லர் இல்லாத ஒற்றை லாரிக்கு நீளம் 12 மீட்டர் என்று போகும் அந்தப் பட்டியல். 2020 ஜூனில் அதைத் திருத்தியிருக்கிறார்கள். ஸ்டாண்டில் கைமாறிக் கைமாறி வரும் பழைய அட்டவணையை வைத்துக்கொண்டு அதிகாரியிடம் சண்டை போட வேண்டாம். அதைவிட முக்கியம், வரம்பு வேறு, உங்கள் ட்ரெய்லருக்குக் கொடுத்த ஒப்புதல் வேறு. சட்ட வரம்புக்குள்ளேயே இருந்தாலும், ஒப்புதலில் உள்ள அளவைத் தாண்டினால் தாண்டியதுதான்.

இதைச் சட்டப் புத்தகத்துக்காக மட்டும் சொல்லவில்லை. இப்படி நீட்டிய ஒரு ட்ரெய்லரை சங்ககிரிப் பக்கம் ஒரு பட்டறையில் நேரில் பார்த்திருக்கிறேன். பின்பக்கம் ஒரு தடுப்புக் கம்பி இருக்கும் அல்லவா, கார் வந்து மோதினால் அடியில் போய்ச் சொருகிக்கொள்ளாமல் இருப்பதற்கு? தளத்தை மட்டும் நீட்டியிருந்தார்கள், கம்பி பழைய இடத்திலேயே இருந்தது. அதாவது தளத்தின் விளிம்பிலிருந்து கிட்டத்தட்ட ஒரு கை நீளம் உள்ளே. டெயில் லைட் வயரைப் பழைய துளை வழியாக இழுத்துத் துணி சுற்றி ஒட்டியிருந்தார்கள். ராத்திரியில் பின்னால் வருகிற காருக்கு அந்தத் தள விளிம்பு கண்ணாடி உயரத்தில் நிற்கும். உங்கள் வண்டியிலும் கம்பி எங்கே இருக்கிறது என்று குனிந்து ஒரு தடவை பாருங்கள்.

இப்போது சலான். இதில் உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. 194(1ஏ) சரக்கைப் பற்றிய பிரிவு. ஏற்றிய சரக்கு பாடியின் பக்கவாட்டைத் தாண்டியோ, முன்னாலோ பின்னாலோ, உயரத்திலோ அனுமதித்த அளவுக்கு மேல் நீண்டால் 20,000 ரூபாய். அதோடு, சரக்கைச் சரியாக அடுக்கும் வரை வண்டியை நகர விடக் கூடாது என்றும் அதே பிரிவு சொல்கிறது. உங்கள் குழாய்கள் தளத்துக்குள்ளேயே இருந்தன. ஒரு குழாயைக்கூட இறக்காமல், நகர்த்தாமல், சலானை மட்டும் கையில் கொடுத்து வண்டியை அனுப்பியிருந்தால், நீட்டிக்கொண்டிருந்த சரக்கு எதுவும் இல்லை என்பதற்கு அதுவே உங்களுக்கு ஆதாரம். அன்றைய எடைச்சீட்டு, சரக்கு ரசீது, செல்போனில் எடுத்த படம் ஏதாவது இருந்தால் எடுத்து வையுங்கள். துறை என்ன சொல்லும்? ஆவணப்படி பாடி எங்கே முடிய வேண்டுமோ அதைத் தாண்டிச் சரக்கு போயிருக்கிறதே, அதுவும் அனுமதித்த அளவுக்கு மேல்தானே என்று கேட்கும். அதுவும் காது கொடுக்க முடியாத வாதம் இல்லை. இரண்டில் உங்கள் வாதம் பலமானது என்பது என் கருத்து.

(கம்பி ஏற்றுகிறவர்களுக்கு இந்த இடத்தில் ஒரு வார்த்தை. பின்னால் ஒரு மீட்டர் வரை நீட்டலாம், சிவப்புத் துணி கட்டினால் போதும் என்று இன்னமும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அந்தச் சலுகையை 2014-இலேயே விதி 93-இலிருந்து எடுத்துவிட்டார்கள்.)

இன்னும் பணம் கட்டவில்லை என்று எடுத்துக்கொண்டு சொல்கிறேன். கட்டினால் 200-வது பிரிவின்படி அந்தக் குற்றம் சமரசமாகி முடிந்துவிடும். ஆனால் ஆர்.டி.ஓ. நோட்டீஸ் அதோடு முடியாது. அதுமட்டுமல்ல, நீளத்தை ஒப்புக்கொண்டுதானே கட்டினாய் என்று நாளைக்கு அங்கே கேட்பார்கள். சலான் தமிழ்நாட்டுக்குள் போட்டது என்றால் கோர்ட்டில் எதிர்த்துப் பாருங்கள் என்பேன். வெளி மாநிலம் என்றால் கணக்குப் போட்டுப் பாருங்கள். இரண்டு வாய்தாவுக்குப் போய்வரும் செலவும், அந்த நாட்களில் இழக்கும் வாடகையும் 20,000-ஐ நெருங்கினால், ஜெயித்தும் நஷ்டம்தான்.

அந்தச் சின்னப் பெட்டிக்கு வருவோம். எமுலேட்டர் என்பார்கள். உங்கள் வண்டியில் 32.5 சதவீத யூரியா கலந்த திரவத்தை சைலன்சர் வழியில் பீய்ச்சி, நைட்ரஜன் ஆக்ஸைடு வாயுவை நைட்ரஜனாகவும் நீராவியாகவும் மாற்றும் அமைப்பு இருக்கிறது. திரவம் தீர்ந்தால் இன்ஜின் இழுவையைக் குறைத்துவிடும். இந்தப் பெட்டி, ‘எல்லாம் சரியாக நடக்கிறது’ என்று இன்ஜின் கம்ப்யூட்டருக்குப் பொய் சொல்லிக்கொண்டே இருக்கும். யூரியாச் செலவு மிச்சம் என்று மாட்டுகிறார்கள்.

புகைச் சான்று நடப்பில் இருப்பதை இதற்குக் கவசமாக நினைக்காதீர்கள். டீசல் வண்டிக்கு அந்தச் சோதனையில் ஆக்சிலேட்டரை மிதித்து, வரும் புகை எவ்வளவு அடர்த்தி என்று மட்டும்தான் பார்க்கிறார்கள். புகை அடர்த்தியை ஹார்ட்ரிட்ஜ் என்ற அலகில் அளப்பார்கள்; வரம்பு பழைய வண்டிகளுக்கு 65, பி.எஸ்.-4-க்கு 50. நைட்ரஜன் ஆக்ஸைடை அந்தக் கருவி அளப்பதே இல்லை. யூரியா அமைப்பு செத்துக் கிடந்தாலும் வண்டி பாஸாகும். சான்று பொய் இல்லை, ஆனால் அது புகைக்கு மட்டும் கொடுத்த சான்று.

அதிகாரிக்குச் சந்தேகம் வந்தால் விதி 116-இன்படி எழுத்தில் உத்தரவு கொடுத்து, வண்டியைச் சோதித்து 7 நாளுக்குள் சான்று காட்டச் சொல்லலாம். காட்டாவிட்டால் பதிவு நிறுத்திவைப்பு வரை போகும். காற்று மாசு அளவுகளை மீறி ஓட்டினாலோ ஓட்டவிட்டாலோ 190(2): முதல் தடவை மூன்று மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும், கூடவே மூன்று மாதம் லைசென்ஸ் தகுதியிழப்பு. நீங்களே ஓட்டுகிறவர். மற்ற முதலாளிகளுக்கு 10,000 ரூபாய் வலிக்கும், உங்களுக்கு அந்த மூன்று மாதம்தான் வலிக்கும். ‘எனக்குத் தெரியாது’ என்பது பட்டறைக்காரர் சொன்ன நாள் வரைக்கும்தான் உண்மை. தெரிந்த பிறகு ஓட்டுகிற ஒவ்வொரு கிலோமீட்டரும் உங்கள் கணக்கில் ஏறும்.

நோட்டீஸ் நீளத்தைப் பற்றி மட்டுமே கேட்கிறது என்றால், பதிலில் எமுலேட்டரைப் பற்றி நீங்களாக எழுத வேண்டியதில்லை. கேட்டால் பொய் சொல்லாதீர்கள். ஆய்வுக்கு வண்டியைக் கொண்டுபோவதற்கு முன்னால் அமைப்பைப் பழையபடி ஓட வைத்துவிடுங்கள்.

டெல்லிப் பக்கம் லோடு எடுப்பவராக இருந்தால் இதையும் குறித்துக்கொள்ளுங்கள். டெல்லிப் பதிவு இல்லாத பி.எஸ்.-3 மற்றும் அதற்குக் கீழான சரக்கு வண்டிகளுக்கு 2025 நவம்பர் 1 முதல் அங்கே நுழைவு இல்லை. உங்களுடையது போன்ற பி.எஸ்.-4 வண்டிகளுக்கு 2026 அக்டோபர் 31 வரை மட்டும் இடைக்கால அனுமதி கொடுத்திருக்கிறார்கள்.

விற்றவரிடம் பணம் கேட்கலாமா? கேட்கலாம். ஆனால் உங்கள் இரண்டு புகார்களும் ஒரே எடை இல்லை. ஒப்பந்தச் சட்டத்தின் 19-வது பிரிவில் ஒரு விதிவிலக்கு இருக்கிறது. விற்றவர் வாய்திறக்காமல் மறைத்தார் என்பதுதான் உங்கள் குறை என்றால், சாதாரண கவனத்தோடு பார்த்திருந்தாலே உங்களுக்குத் தெரிந்திருக்கும் என்கிற விஷயத்துக்காக ஒப்பந்தத்தை ரத்து செய்ய முடியாது. ட்ரெய்லரின் நீளம் அந்த வகை. ஒரு டேப்பும் ஒரு ஆவணமும் போதும், நீங்கள் அளக்கவில்லை என்பார்கள். எமுலேட்டர் அப்படியல்ல. பேனலுக்குப் பின்னால் வயரோடு வயராகச் செருகி வைத்ததை எந்த வாங்குபவர் கண்டுபிடிப்பார்? 17-வது பிரிவு அதைத் தெரிந்தே மறைத்தல், அதாவது மோசடி என்கிறது. விற்பனைக் கடிதத்தில் ‘வண்டியை உள்ளது உள்ளபடி பெற்றுக்கொண்டேன்’ என்று கையெழுத்துப் போட்டிருப்பீர்கள், எல்லாரும் போடுகிறார்கள். மோசடிக்கு அந்த வரி திரை போடாது.

வண்டியைத் திருப்பிக் கொடுக்கிறேன், முழுப் பணத்தையும் தா என்று கேட்காதீர்கள். ஒரு வருடம் ஓட்டிச் சம்பாதித்துவிட்டு அப்படிக் கேட்டால் நீதிமன்றம் முகம் சுளிக்கும். அமைப்பைச் சரிசெய்த செலவு, வண்டி நின்ற நாட்களின் வாடகை, இவற்றை நஷ்டஈடாகக் கேளுங்கள். முதலில் வக்கீல் நோட்டீஸ், மசியாவிட்டால் சிவில் வழக்கு. மோசடி தெரிய வந்த நாளிலிருந்து மூன்று வருடம் அவகாசம் உண்டு. கமிஷன் வாங்கிய புரோக்கர் மேல் நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம். லாரி வாங்கியது வியாபாரத்துக்குத்தானே என்று தள்ளப் பார்ப்பார்கள். ஒரே வண்டியை வைத்துச் சொந்தமாக ஓட்டிப் பிழைப்பவரை நுகர்வோர் சட்டம் வெளியே தள்ளவில்லை. ஆனால் அங்கே அவகாசம் இரண்டு வருடம்தான். போலீஸில் ஏமாற்று வழக்குக் கொடுக்க வேண்டும் என்று துடிப்பீர்கள். கொஞ்சம் பொறுங்கள். விற்றவருக்குத் தெரிந்தே செய்தார் என்பதற்கு ஆதாரம் சேர்ந்த பிறகு அதைப் பார்க்கலாம்.

இதற்கெல்லாம் ஆதாரம் இப்போது உங்கள் வண்டியில்தான் இருக்கிறது, அதை நாமே அழித்துவிடக் கூடாது. ஒட்டவைத்த பகுதியை வெட்டுவதற்கு முன் டேப் பிடித்து, எண் தெரியும்படி, நம்பர் பிளேட்டோடு சேர்த்துப் படம் எடுங்கள். வெல்டிங் கோட்டைக் கிட்டத்தில் தனியாக எடுங்கள். வெட்டும் வேலையை ட்ரெய்லர் கட்டும் இடத்தில் கொடுத்து, என்ன வேலை என்று எழுதிய பில் வாங்குங்கள். எமுலேட்டரைக் கழற்றும் மெக்கானிக்கிடம், எந்த இடத்தில் எந்த வயரில் மாட்டியிருந்தது என்று தேதி போட்டு எழுதி வாங்கிக்கொண்டு, பெட்டியை ஒரு கவரில் போட்டு ஒட்டி எடுத்து வாருங்கள். பழைய சாமானோடு போடச் சொல்லிவிட்டு வந்துவிடாதீர்கள்.