பழைய மரப்பெட்டி ரீவியைத் திருத்த முடியுமா? முடியும், ஆனால் இப்போதைக்குக் கறண்ட் கொடுக்காதீர்கள்

கேட்டவர் எழுதியிருப்பது இதுதான்: யாழ்ப்பாணத்தில் அம்மம்மாவின் வீட்டைத் துப்புரவாக்கும்போது மரப்பெட்டி வைத்த பழைய கறுப்பு வெள்ளை ரீவி ஒன்று கிடைத்திருக்கிறது. கடையில் கேட்டால் பழைய இரும்புக்குப் போடச் சொல்கிறார்கள். இன்னொருவர் உள்ளே இருப்பதையெல்லாம் எடுத்துவிட்டுப் புது எல்.ஈ.டி. திரை ஒன்றை வைத்துத் தருகிறேன் என்கிறார். என்ன செய்யலாம்?

இரண்டையும் செய்யாதீர்கள். அந்தப் பெட்டியை அதன் சொந்த உறுப்புகளோடேயே ஓட வைக்க முடியும், அதுவும் யாழ்ப்பாணத்துப் பெட்டி என்றால் இன்னும் நம்பிக்கையாகச் சொல்வேன். காரணத்தைக் கீழே சொல்கிறேன். ஒன்று மட்டும், இதை வாசித்து முடிக்கும்வரை "சும்மா ஒருக்கா போட்டுப் பார்ப்போம்" என்று ப்ளக்கைச் சொருகிவிடாதீர்கள்.

என்னிடம் இருப்பது வால்வு, அதாவது ரான்சிஸ்ரருக்கு முந்திய கண்ணாடிக் குழல், வைத்த பிலிப்ஸ் பெட்டி, சண்டிலிப்பாயில் ஒரு மலாயன் பென்சனியரின், அதாவது மலாயாவில் வேலை பார்த்துப் பென்சனோடு ஊர் திரும்பியவரின், வீட்டில் இருந்தது. அவருடைய மகள் ஓய்வுபெற்ற ஆசிரியை, ஊரில் எல்லோருக்கும் ரீச்சர். வீட்டின் ஓடு மாற்றுகிறார்கள் என்று தெரிந்து பழைய றேடியோ ஏதும் இருக்குமா என்று கேட்கத்தான் போனேன். பின் அறையில் நெல்லு மூட்டைகளுக்குப் பின்னால் இது இருந்தது. "அது வேலை செய்யாது தம்பி, இரும்புக்காரன் வந்தா குடுக்கத்தான் வைச்சிருக்கிறன்" என்றார் ரீச்சர். பின்மூடியில் சிங்கப்பூர்க் கடை ஒன்றின் ஒட்டுத்தாள் பாதி கிழிந்தபடி இருந்தது, அதைப் பார்த்த பிறகு என்னால் வெறுங்கையோடு திரும்ப முடியவில்லை.

சிங்கப்பூரிலும் மலாயாவிலும் 1963இல் தொலைக்காட்சி வந்துவிட்டது. அங்கே வேலை பார்த்து ஊர் திரும்பியவர்கள் சிலர் தளபாடத்தோடு ரீவியையும் கப்பலில் ஏற்றி வந்திருக்கிறார்கள், இங்கே பிடிப்பதற்கு ஒரு நிலையமும் இல்லாத காலத்தில். ரீச்சரின் அப்பாவும் அப்படித்தான், சில வருடம் அது விறாந்தையில் துணி போட்டு மூடியபடியே இருந்ததாம். 1975 ஆகஸ்ட் 15ஆம் திகதி சென்னையில் தூரதர்ஷன் தொடங்கியது. சென்னைக்கும் யாழ்ப்பாணத்துக்கும் நேர்கோட்டில் ஏறத்தாழ 380 கிலோமீற்றர், சாதாரணமாக அந்தத் தூரத்துக்கு ரீவி அலை வரவே கூடாது. ஆனால் கடலுக்கு மேலே ஈரக்காற்றின் மீது சூடான உலர்ந்த காற்று படுக்கும் நாட்களில் அலை வானத்துக்குப் போய்விடாமல் கடலை ஒட்டியே வளைந்து வந்து சேரும், அதனால்தான் உயரமான குழாயில் அன்ரெனாவைக் கட்டி, பூஸ்ரர் வைத்து, ஒருவர் முற்றத்தில் நின்று குழாயைத் திருப்ப இன்னொருவர் உள்ளே இருந்து "இப்ப வருது, இப்ப போச்சு" என்று கத்துகிற காலம் வந்தது. வெள்ளிக்கிழமை சினிமாப் பாட்டு நிகழ்ச்சியான ஒளியும் ஒலியும் பார்க்க அயலே அந்த விறாந்தையில் இருந்தது என்று ரீச்சர் சொன்னார். கொழும்பில் ஐ.ரி.என். 1979இலும் ரூபவாஹினி 1982 பெப்ரவரி 15ஆம் திகதியும்தான் வந்தன. எங்கள் ஆட்களுக்கு அதற்கு முன்பே சென்னை பழகிவிட்டது.

சரி, நம்பிக்கை என்று சொன்னேனே, அதற்கு வருகிறேன். 1990இல் போர் மறுபடி தொடங்கியபின் குடாநாட்டில் பல ஆண்டுகள் கறண்ட் இல்லை. படம் பார்ப்பது என்றால் மண்ணெண்ணெயில் ஓடும் ஜெனரேற்றரும் வாடகை வீடியோ டெக்கும்தான், அல்லது கார் பற்றரியில் ஓடும் சின்ன ரான்சிஸ்ரர் ரீவி. வால்வுப் பெட்டி நூற்றைம்பது வாற்ஸுக்கு மேல் இழுக்கும், அதற்கு யார் மண்ணெண்ணெய் ஊற்றுவார்கள்? அதனால் இப்படியான பெட்டிகள் அப்படியே தூங்கிவிட்டன. 1995 இடப்பெயர்வில் வலிகாமமே எழுந்து போனபோதும் இதைத் தூக்கிக்கொண்டு யாரும் போகவில்லை. படக்குழாய், அதாவது பிக்சர் ரியூப், எரிந்த மணித்தியாலங்களைப் பொறுத்துத்தான் களைத்துப்போகும், சும்மா இருந்தால் அவ்வளவாகக் கெடாது. இன்றைக்குத் தேடிப் பிடிக்க மிகக் கடினமான உறுப்பு அதுதான், அதுவே இங்கே அதிகம் தேயாமல் இருக்க வாய்ப்பு உண்டு. கொழும்பிலோ சென்னையிலோ நாள்தோறும் இரவிரவாக ஓடிய பெட்டிகளுக்கு அந்த வாய்ப்புக் குறைவு. இதனால்தான் உள்ளிருப்பதைப் பிடுங்கி எறிந்துவிட்டுப் புதுத்திரை வைப்பதை நினைத்தாலே எனக்கு வயிறு எரிகிறது.

இப்படித் தூங்கும்போது கெட்டுப்போகிற சாமான் கொண்டென்சர், மின்னேற்றத்தைச் சேர்த்து வைக்கும் உறுப்பு. எலெக்ட்ரோலிற்றிக் கொண்டென்சருக்குள் அலுமினியத்தின் மேல் மெல்லிய ஒட்சைட்டுப் படலம் ஒன்று இருக்கிறது, வோல்ற்றேஜ் படாமல் பல வருடம் கிடந்தால் அது நலிந்துபோகும். திடீரென்று முழுக் கறண்டும் பாய்ந்தால் கொண்டென்சர் சூடாகி வெடிக்கும், சில நேரம் அதோடு படக்குழாய்க்கு உயர் வோல்ற்றேஜ் கொடுக்கும் ஈ.எச்.ரி. ரான்ஸ்போமரும் போய்விடும், அந்த ரான்ஸ்போமர் போனால் கதை ஏறக்குறைய முடிந்தது. மெழுகுக் கடதாசிக் கொண்டென்சர்களும் ஈரம் உறிஞ்சி ஒழுகத் தொடங்கியிருக்கும். பழையதை மெல்ல மெல்ல எழுப்பிப் பார்க்கலாம் என்பவர்கள் உண்டு. என் அபிப்பிராயம், வோல்ற்றேஜ் தாங்கும் இடங்களில் எல்லாம் மாற்றிவிடுங்கள். பெரிய தகரக் குவளைக் கொண்டென்சரை மட்டும் கழற்றி எறியாதீர்கள், வயரை வெட்டிவிட்டு அதை மேலே அப்படியே நிற்க விடுங்கள், புதியதைச் செசிக்கு, அதாவது உறுப்புகள் பொருத்திய உலோகத் தட்டுக்கு, கீழே மறைவாக வையுங்கள். கடதாசிக் கொண்டென்சர் இருந்த இடத்துக்கு 630 வோல்ற் பொலியெஸ்ரர் போதும். ஆனால் படத்தின் வரிகளை ஓட்டும் லைன் பகுதியில் பூஸ்ற் கொண்டென்சருக்கு 1000 வோல்ற்றோ அதற்கு மேலோ வேண்டும், அந்த இடத்தில் கிடைத்ததைப் போட்டுச் சமாளிக்கக் கூடாது. கொழும்பு புறக்கோட்டை முதலாம் குறுக்குத்தெருவில் எனக்கு வேண்டியது பெரும்பாலும் கிடைத்தது, மிச்சத்தைச் சென்னைக்குப் போன ஒருவர் ரிச்சி தெருவில் வாங்கி வந்து தந்தார்.

இனி உயிர் சம்பந்தப்பட்டது, இதைத் தயவுசெய்து தாண்டிப் போகாதீர்கள். இந்தப் பெட்டிகள் பலவற்றில் மெயின் ரான்ஸ்போமர் கிடையாது. சுவரிலிருந்து வரும் கறண்டின் ஒரு கம்பி நேராகச் செசியில் இணைந்திருக்கும். நியூட்ரல் அந்தப் பக்கம் வந்தால் பரவாயில்லை, ப்ளக் மாறியிருந்தாலோ எங்கள் பழைய வீடுகளைப் போல வயரிங் மாறியிருந்தாலோ செசி முழுக்க 230 வோல்ற்றில் நிற்கும். அதனால் வீட்டுக் கறண்டிலிருந்து பெட்டியைப் பிரித்துவைக்கும் 230க்கு 230 ஐசோலேஷன் ரான்ஸ்போமர் இல்லாமல் வேலை செய்யவே கூடாது. அடுத்தது படக்குழாய். அதன் பக்கவாட்டில் ரப்பர் மூடி போட்ட இடத்தில் ஓடும்போது பதினையாயிரம் வோல்ற்றுக்கு மேல் இருக்கும், நிறுத்தி வெகுநேரம் கழித்தும் அந்த மின்னேற்றம் உள்ளே நிற்கலாம். காப்பிட்ட ஸ்க்ரூட்றைவரில் ஒரு வயரைக் கட்டி, மறுமுனையைக் குழாயின் வெளிப்புறக் கரும்பூச்சைத் தொடும் நிலக்கம்பியில் மாட்டி, ரப்பருக்குக் கீழே நுழைத்து இறக்கவேண்டும், மற்றக் கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு. குழாயின் கழுத்து மெல்லிய கண்ணாடி, உள்ளே வெற்றிடம், தட்டுப்பட்டு உடைந்தால் கண்ணாடி சிதறும். இந்த இரண்டு பந்தியையும் வாசித்து உங்களுக்குப் பயம் வந்தால் அது நல்லது, வால்வு தெரிந்த ஒருவரைக் கூட வைத்துக்கொள்ளுங்கள். எனக்குச் சுன்னாகத்தில் பழைய றேடியோத் திருத்துநர் ஐயா ஒருவர் கிடைத்தார், கை நடுங்கும் வயது, ஆனால் சேர்க்கிற்றைப் பார்த்தவுடன் எங்கே தொடவேண்டும் என்று சொல்லிவிடுவார். "அவசரப்படாதேயும் தம்பி, அது எங்க ஓடப்போகுது?" என்பதைத்தான் அதிகம் சொன்னார்.

அவர் சொன்ன ஒழுங்கிலேயே போனேன். முதலில் தூசு. குளவிக்கூடு, பல்லி முட்டை, கறையான் மண் எல்லாவற்றையும் மென்மையான தூரிகையால் எடுத்தோம். அடுத்து வால்வுகளின் இழை. இந்தப் பெட்டிகளில் பீ.எல்.504, பீ.வை.88, பீ.சீ.எல்.805 என்று 'பீ'யில் தொடங்கும் வால்வுகள் இருக்கும், எல்லாவற்றின் இழையும் 300 மில்லி அம்பியர் ஒரே தொடராக ஓடும், திருவிழாச் சோடனை லைற் மாதிரி ஒன்று போனால் அத்தனையும் இருட்டு. மீற்றரை வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தால் போனது பிடிபடும். ரியூனரின் தொடுகைகளை ஐசோபிறப்பைல் அல்ககோலால் துடைத்தோம், உப்புக்காற்று பட்ட ஊரில் இதைச் செய்யாமல் எந்தச் சனலும் நிலையாக நிற்காது. ஈ.எச்.ரி. ரான்ஸ்போமரில் ஈரம் இருக்கும் என்று ஐயா பயந்தார், அதைச் சித்திரை வெயில் காலத்தில் நிழல் ஓரமாக வைத்து நன்றாகக் காயவிட்டோம்.

முதல் தடவை கறண்ட் கொடுக்கும்போது இழை வைத்த பழைய 100 வாற்ஸ் குமிழ் ஒன்றைத் தொடராக மாட்டவேண்டும், எல்.ஈ.டி. குமிழ் இதற்கு உதவாது. கோழிக்குஞ்சுக்குச் சூடு காட்ட வாங்குகிறார்களே, அந்தக் குமிழ்தான். உள்ளே எங்காவது ஷோர்ட் இருந்தால் குமிழ் முழு வெளிச்சமாக எரிந்து காட்டிக்கொடுக்கும், பெட்டி தப்பிவிடும். குமிழ் முதலில் பளிச்சென்று எரிந்து பிறகு மங்கினால் நல்ல அறிகுறி. பிறகு குமிழை எடுத்துவிட்டு நேரே கொடுக்கும்போது கண்ணைப் பீ.எல்.504 மேலேயே வைத்திருங்கள். உள்ளே இருக்கும் தகடு சிவந்தால் அந்த நொடியே நிறுத்தவேண்டும்.

எங்களுக்கு முதலில் மெல்லிய விசில் சத்தம் வந்தது. ஒரு செக்கனுக்கு 25 படம், ஒவ்வொன்றிலும் 625 வரி, பெருக்கினால் 15,625, அந்த அதிர்வின் சத்தம் அது. எனக்குக் கேட்டது, ஐயாவுக்குக் கேட்கவில்லை, வயது போனால் அந்த உயரத்துச் சத்தம் காதில் விழாது. நான் சொன்னதும் லைன் ஓடுது என்று அவர் சிரித்தார். ஆனால் திரையில் படம் விரியாமல் நடுவே ஒரே ஒரு வெள்ளைக் கோடு. அப்படி வந்தால் வெளிச்சத்தை உடனே குறையுங்கள், இல்லாவிட்டால் அந்த இடத்தில் திரையின் ஒளிரும் பூச்சான பொஸ்பர் கருகி நிரந்தரத் தழும்பாகிவிடும். கோளாறு பீ.சீ.எல்.805ஐச் சுற்றிய, படத்தை மேலும் கீழுமாக விரிக்கும் ஃபிரேம் பகுதியில், நாங்கள் விட்டுவைத்த ஒரு சின்ன எலெக்ட்ரோலிற்றிக்தான், மாற்றியவுடன் திரை மேலும் கீழுமாகத் திறந்தது.

மரப்பெட்டியை அதிகம் தொடவேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. கறையான் தின்ற அடிப்பலகையை மாற்றினோம், அவ்வளவுதான். சுரண்டி வார்னிஷ் அடித்துப் பளபளக்க வைக்க ஒரு தச்சர் ஆசைப்பட்டார், நான் விடவில்லை. பக்கப்பலகையில் சரஸ்வதி பூசைக்கு வருடாவருடம் வைத்த சந்தனப்பொட்டின் கறை ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கிறது, அதை எந்தக் கடையில் வாங்குவது? ஈரத்துணியால் துடைத்து விட்டதோடு சரி. ஓடத் தொடங்கியபின் ரீச்சரைக் கூட்டிவந்து காட்டினேன். அவர் திரையைப் பார்க்கவில்லை, ஸ்பீக்கர் இருந்த பக்கம் காதைக் கொடுத்துவிட்டு "இந்தச் சத்தம்தான்" என்றார். பெட்டியைத் திருப்பித் தருவதாகச் சொன்னேன், மழை ஒழுகாத வீட்டில் இருக்கட்டும் என்று மறுத்துவிட்டார்.

படம் எங்கிருந்து வரும் என்று கேட்பீர்கள். இந்தப் பெட்டிக்கு வீ.எச்.எஃப். என்ற பழைய ரீவி அலைவரிசை மட்டும்தான் பிடிக்கும், எச்.டி.எம்.ஐ. எல்லாம் தெரியாது. பென்ட்ரைவ் போடும் சின்ன மீடியா பிளேயரிலிருந்து மஞ்சள், வெள்ளை வயரை எடுத்து படத்தையும் ஒலியையும் அன்ரெனா அலையாக மாற்றும் ஆர்.எஃப். மொடியுலேற்றருக்குக் கொடுத்து, அதிலிருந்து அன்ரெனா முனைக்குப் போகவேண்டும். வாங்கும்போது இரண்டைக் கேளுங்கள்: வீ.எச்.எஃப். சனலில் கொடுக்குமா, ஒலி 5.5 மெகாஹேட்ஸில் இருக்கிறதா. இங்கிலாந்துக்குச் செய்தது 6, அமெரிக்காவுக்குச் செய்தது 4.5, அவற்றை மாட்டினால் படம் வந்தாலும் ஒலி இரைச்சலாகத்தான் இருக்கும். இன்னொன்று, மொடியுலேற்றர் தருவது 75 ஓம் வட்டக் கேபிள், பெட்டியில் இருப்பது தட்டை வயருக்கான 300 ஓம் முனை, நடுவே பாலுன் என்ற சின்ன மாற்றி ஒன்று வேண்டும். பழைய ரீவிக் கடைகளின் இழுப்பறையில் இன்றைக்கும் கிடைக்கும், சும்மாவே தருவார்கள்.

உங்கள் பெட்டி வால்வா ரான்சிஸ்ரரா என்று நீங்கள் எழுதவில்லை. பின்மூடியைக் கழற்றி, எதையும் தொடாமல், படக்குழாயில் ஒட்டியிருக்கும் தாளில் உள்ள எண்ணையும் வால்வு இருந்தால் அவற்றின் எண்களையும் படம் எடுத்துக் கீழே போடுங்கள், அதைப் பார்த்தால் அடுத்து எதை மாற்றுவது என்று திட்டமாகச் சொல்கிறேன்.