பி.எஃப்.எம். இசைத்தட்டு: எதை வாங்கலாம், எதை விட்டுவிடலாம்

கேள்வி: பலேர்மோவில் வேலை பார்க்கிறேன். கூட வேலை செய்யும் இத்தாலியர் ஒருவர் பிரெமியாட்டா ஃபோர்னெரியா மார்க்கோனி (பி.எஃப்.எம்.) என்ற ராக் குழுவின் பாட்டுகளைப் போட்டுக் காட்டினார், ரொம்பப் பிடித்துப்போனது. கடையில் 'பெர் உன் அமிக்கோ' என்று ஒரு எல்.பி., 'ஃபோட்டோஸ் ஆஃப் கோஸ்ட்ஸ்' என்று இன்னொன்று. இரண்டிலும் அதே பாட்டுகள்தான் என்கிறார்கள். இரண்டுக்கும் காசு கொடுக்க வேண்டுமா?

பதில்: ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் பெர் உன் அமிக்கோ. யோசிக்கவே வேண்டாம்.

மிலானில் குழுவாகச் சேர்ந்த இந்த ஐந்து பேரும் 1972இல் ஒரே வருடத்துக்குள் இரண்டு எல்.பி. கொண்டுவந்தார்கள். ஜனவரியில் 'ஸ்டோரியா டி உன் மினுட்டோ', வருடக் கடைசியில் பெர் உன் அமிக்கோ, இரண்டும் நூமெரோ ஊனோ நிறுவனத்தில். அப்புறம் எமர்சன், லேக் அண்ட் பாமர் என்ற பிரிட்டிஷ் ராக் குழுவினரின் மான்டிகோர் நிறுவனம் இவர்களை உலகச் சந்தைக்குக் கொண்டுபோக விரும்பியதால் 1973இல் வந்த ஆங்கிலத் தட்டுதான் ஃபோட்டோஸ் ஆஃப் கோஸ்ட்ஸ். அதில் ஏழு பாட்டு. பெர் உன் அமிக்கோவின் ஐந்தும் அதில் இருக்கின்றன. முதல் எல்.பி.யில் இருந்த 'எ ஃபெஸ்தா' என்ற பாட்டு 'செலிப்ரேஷன்' என்று மாறி வந்திருக்கிறது, 'ஓல்ட் ரெயின்' மட்டும் புதிது. ஆங்கில வரிகளை எழுதியவர் முன்பு கிங் கிரிம்சன் என்ற பிரிட்டிஷ் ராக் குழுவுக்கு எழுதிய பீட் சின்ஃபீல்ட். அவர் இத்தாலிய வரிகளை மொழிபெயர்க்கவில்லை, மெட்டுக்குப் புதிதாக எழுதினார். இத்தாலியத் தட்டில் 'ஜெனெராலே' வெறும் வாத்திய இசை, ஆங்கிலத்தில் அதற்கும் வரிகள் சேர்ந்து 'மிஸ்டர் 9 டில் 5' ஆகிவிட்டது. 'இல் பன்கெத்தோ' மட்டும் இத்தாலியனிலேயே இருக்கிறது.

ஆங்கிலத் தட்டு மோசம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் இத்தாலிய வரிகளில் உயிரெழுத்தில் முடியும் சொற்கள் நிறைய, குரல் அதில் சாய்ந்து நீண்டுகொண்டே போகும், அந்த மெட்டுகள் அதற்காகவே பிறந்தவை. ஆங்கிலத்தில் அதே இடங்களில் பாட்டு கொஞ்சம் இறுகிவிடுகிறது. முதலில் இத்தாலியன் தட்டு, பிடித்துப்போய் விடமுடியாத நிலைக்கு வந்தால் ஆறு மாதம் கழித்து ஆங்கிலம், அதுவும் எசோடெரிக் நிறுவனம் கூடுதல் பாட்டுகளோடு போட்ட சி.டி.யே போதும். 1974இல் வந்த 'லீசொலா டி நியெந்தே', 'த வேர்ல்ட் பிகேம் த வேர்ல்ட்' என்ற இத்தாலிய, ஆங்கில ஜோடிக்கும் இதே பதில்தான்.

கேள்வி: ஞாயிற்றுக்கிழமைப் பழைய சாமான் சந்தையில் ஸ்டோரியா டி உன் மினுட்டோ ஒன்று கிடைத்தது. 1972இன் முதல் பதிப்பு என்று சொல்லி 120 யூரோ கேட்கிறார். நம்பலாமா?

பதில்: சொல்லை நம்பாதீர்கள், தட்டைப் பாருங்கள். முதலில் அட்டையின் பின்பக்கம். பார்கோடு இருந்தால் 1972 இல்லை, அங்கேயே பேச்சு முடிந்தது. இல்லையென்றால் தட்டை வெளியே எடுக்கச் சொல்லுங்கள். எடுக்க விடாதவரிடம் வாங்க வேண்டாம்.

கடைசிப் பாட்டு முடிந்த இடத்துக்கும் நடு லேபிளுக்கும் இடையில் பாட்டு எதுவும் இல்லாத ஒரு கறுப்பு வளையம் இருக்கும். தட்டைச் சாய்த்து, வெயில் பக்கவாட்டில் விழும்படி பிடித்துப் பார்த்தால் அதில் மெல்லிசாக எண்களும் எழுத்துகளும் தெரியும். அந்தக் காலத்து இத்தாலியத் தட்டுகள் பலவற்றில் மூலத்தகடு (தட்டு அடிக்க உதவும் அச்சு) வெட்டிய தேதியும் அங்கே இருக்கும், நாள், மாதம், வருடம் என்ற வரிசையில். தேதி எண்பதுகளில் இருந்தால் அது மறுபதிப்பு. ஆனால் 1971, 1972 என்று இருப்பதாலேயே முதல் பதிப்பு என்று முடிவுகட்டிவிடாதீர்கள், ஒரே தகட்டை வைத்துப் பல வருடம் தட்டு அடிப்பதுண்டு. அதனால் லேபிளையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இத்தாலியில் பாடலாசிரியர்களுக்கும் இசையமைப்பாளர்களுக்கும் உரிமைத்தொகை வசூலிக்கும் சியாயே அமைப்பின் முத்திரை லேபிளில் குத்தியிருக்கும், அதன் வடிவம் காலத்துக்குக் காலம் மாறியது. டிஸ்காக்ஸ் தளத்தில் ஒவ்வொரு பதிப்பின் லேபிள் படமும் வளையத்தில் இருக்கும் எண்ணும் ஏற்றி வைத்திருக்கிறார்கள். செல்போனில் அதைத் திறந்து வைத்துக்கொண்டு, கையில் இருக்கும் தட்டோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். பத்து நிமிட வேலை.

எல்லாம் சரியாக இருந்தாலும் தட்டின் நிலைமை வேறு கேள்வி. பழைய தட்டுகளுக்குத் தரம் போடும்போது மின்ட், நியர் மின்ட், வி.ஜி.பிளஸ், வி.ஜி. (வெரி குட்), ஜி. என்று இறங்கும். இதில் ஜி. என்பது 'குட்' என்பதன் சுருக்கம், ஆனால் அந்தத் தட்டைப் போட்டால் பாட்டை விட இரைச்சல்தான் அதிகம் கேட்கும். என் அனுபவம் ஒன்று சொல்கிறேன். அட்டை புதுசு மாதிரி இருந்தது என்று ஒரு தட்டை வாங்கிவந்தேன், மூன்றாவது பாட்டில் ஊசி ஒரே இடத்தில் சுற்ற ஆரம்பித்தது, விற்றவர் திரும்ப வாங்க மறுத்துவிட்டார். நகம் படும் கீறல் எதுவாக இருந்தாலும் வேண்டாம். இந்தத் தட்டில் 'இம்ப்ரெஸியோனி டி செத்தெம்ப்ரே' என்ற பாட்டு இருக்கும் பகுதியைத் தனியாகப் பாருங்கள். அந்தப் பாட்டில் பல்லவி வர வேண்டிய இடத்தில் குரலே கிடையாது. கித்தாரும் குரலும் தாழ்ந்து வந்து நின்றதும் மூக் சிந்தசைசர் எழுந்து அந்த மெட்டை வாசிக்கும், இத்தாலியர்கள் அதை வாயால் கூடவே பாடுவார்கள். பாட்டின் முன்பகுதி அவ்வளவு அமைதி, அதில் ஒவ்வொரு கீறலும் டக் டக்கென்று கேட்கும். அந்த இடம் கெட்ட தட்டுக்கு 120 யூரோ இல்லை, 20 யூரோகூட நான் கொடுக்க மாட்டேன்.

கேட்பதற்காகத்தான் வாங்குகிறீர்கள் என்றால் மறுபதிப்பு போதும், மனசில் குறையே வேண்டாம்.

கேள்வி: இத்தாலியக் கடை ஒன்றின் இணையதளத்தில் புதுத் தட்டு வாங்கினேன். பிரித்துப் போட்டால் ஒரு பாட்டில் ஊசி தாண்டுகிறது. 'பிரித்துவிட்டீர்கள், திரும்ப எடுக்க மாட்டோம்' என்கிறார்கள். அது சரியா?

பதில்: பாதி சரி, பாதி தப்பு. ஐரோப்பிய ஒன்றியத்தில் இணையத்தில் கடையிடம் வாங்கிய பொருளைக் காரணமே சொல்லாமல் 14 நாளுக்குள் திருப்பலாம். சீல் வைத்து வந்த இசைப்பதிவைப் பிரித்துவிட்டால் அந்த உரிமை போய்விடும், கடைக்காரர் சொல்வது அதைத்தான். ஆனால் குறையுள்ள பொருள் வேறு விஷயம். அதற்குக் கடை இரண்டு வருடம் பொறுப்பு. மாற்றுத் தட்டு கேளுங்கள், தர முடியாவிட்டால் பணத்தைக் கேளுங்கள். தொலைபேசியில் வாதாடாமல் எழுத்தில் அனுப்புங்கள், ஊசி தாண்டுவதைக் காட்டும் வீடியோவைச் சேருங்கள். ஆனால் முதலில் வேறொரு பிளேயரில் போட்டுப் பார்த்துவிடுங்கள், சில சமயம் கோளாறு நம் ஊசி தட்டில் அழுத்தும் எடையில் இருக்கும்.

தனி ஆளிடம் வாங்கியிருந்தால் இந்த 14 நாளும் இரண்டு வருடமும் பொருந்தாது. சந்தையில் வாங்கும்போது இதை மறக்காதீர்கள்.

கேள்வி: 180 கிராம் தட்டு, கலர் தட்டு என்று கூடுதல் விலை. ஒலி நன்றாக இருக்குமா?

பதில்: எடை ஒலியைக் கூட்டாது. எந்த டேப்பிலிருந்து எடுத்தார்கள், மூலத்தகட்டை யார் வெட்டினார்கள் என்பதுதான் ஒலி. கலர் கண்ணுக்கு அழகு, பிடித்தால் வாங்குங்கள்.

கேள்வி: பெர் உன் அமிக்கோ, ஸ்டோரியா டி உன் மினுட்டோ இரண்டுக்கும் அப்புறம் எது?

பதில்: ஜெனோவாவைச் சேர்ந்த பாடகர் ஃபாப்ரீத்சியோ தெ ஆந்த்ரேயோடு பி.எஃப்.எம். சேர்ந்து மேடையேறிய கச்சேரிப் பதிவு. 1979 ஜனவரியில் ஃபிரென்ஸேயிலும் (ஃப்ளாரன்ஸ்) பொலோன்யாவிலும் பதிவு செய்து இரண்டு எல்.பி.யாக வந்தது, முதலில் ஒன்றாம் பாகத்தை வாங்குங்கள். அவருடைய பாட்டுகளை இவர்கள் தூக்கி நிறுத்தியிருக்கிறார்கள். இதில் வரிகள்தான் எல்லாம். அதனால் உங்கள் கூட வேலை செய்பவரை ஒரு நாள் வீட்டுக்குக் கூப்பிட்டு, சாப்பாடு போட்டு, ஒவ்வொரு பாட்டுக்கும் அர்த்தம் கேட்டுக்கொள்ளுங்கள்.