பகல்நேர ஆதரவு சிகிச்சை: சிஸ்டரிடம் கேளுங்கள்

தீராத நோயோடு இருப்பவர்கள், வலியையும் தொல்லைகளையும் தணிக்கும் ஆதரவு சிகிச்சைக்காகக் காலையில் வந்து மாலையில் வீடு திரும்பும் பகல்நேர மையங்கள் பற்றி நீங்கள் அனுப்பிய கேள்விகள் இவை. கடலூர், புதுச்சேரிப் பக்கத்து நோயாளிகளோடு செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். மருந்தின் அளவு கேட்டவர்களுக்கு மட்டும் இங்கே பதில் இல்லை. அதை டாக்டர்தான் நேரில் பார்த்துச் சொல்ல வேண்டும்.

நெல்லிக்குப்பம்: "இனி செய்ய ஒன்றுமில்லை, வீட்டுக்குக் கூட்டிப் போங்கள்" என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள் சிஸ்டர். அப்புறம் இங்கே மட்டும் என்ன செய்துவிட முடியும்?

நோயைக் குணமாக்க வழியில்லை, அவ்வளவுதான். வலி, வாந்தி, மூச்சுத்திணறல், மலச்சிக்கல், தூக்கமின்மை, இவற்றுக்குச் செய்ய நிறைய இருக்கிறது. வாரத்தில் ஒரு நாளோ இரண்டு நாளோ வந்தால் போதும். மருந்து கேட்கிறதா என்று பார்ப்போம், புண்ணுக்குக் கட்டு மாற்றுவோம், பிசியோதெரபி உண்டு. குளிப்பாட்டி, முகச்சவரம் செய்துவிடுவதும் உண்டு. சாப்பாட்டுக்குப் பிறகு தாயம், கேரம், அரட்டை. இது பொழுதுபோக்கு மட்டும் இல்லை. டாக்டரிடம் "பரவாயில்லை" என்று சொன்னவர், காய் நகர்த்தும்போது பக்கத்து ஆளிடம் "ராத்திரி முழுக்க இடுப்பு பிய்ந்து போச்சு" என்பார். எங்கள் காது அங்கேதான் இருக்கும். இதற்கென்றே கட்டிய முதல் மையம் 1975இல் இங்கிலாந்தில் ஷெஃபீல்ட் நகரில் வந்தது. நம் பக்கம் எல்லா ஊரிலும் கிடைக்காது. வைத்தியம் பார்த்த ஆஸ்பத்திரியிலேயே வலி நிவாரணப் பிரிவு எங்கே என்று முதலில் கேளுங்கள்.

பண்ருட்டி: அப்பாவுக்குக் கேன்சர் என்று நாங்கள் சொல்லவில்லை. வயிற்றுப் புண் என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார். அங்கே வந்தால் தெரிந்துவிடுமே?

பெரும்பாலும் அவருக்குத் தெரிந்திருக்கும். உங்களுக்காகத் தெரியாத மாதிரி இருப்பார். நாங்களாகப் போட்டு உடைக்க மாட்டோம். "உங்கள் உடம்புக்கு என்னவென்று சொன்னார்கள்?" என்று கேட்போம். அதற்கு மேல் தெரிந்துகொள்ள விருப்பமில்லை என்றால் விட்டுவிடுவோம். ஆனால் அவராகவே கேட்டால் பொய் சொல்ல மாட்டோம். இதை இப்போதே சொல்லிவிடுகிறேன், பிறகு கோபித்துக்கொள்ளாதீர்கள். முந்திரித் தோப்பை யார் பார்த்துக்கொள்வது, சின்னவளின் கல்யாணத்தை எப்போது வைப்பது என்று அவருக்குப் பேச வேண்டியது இருக்கும். வீட்டில் எல்லோரும் "ஒன்றுமில்லைப்பா" என்றால் மனுஷர் யாரிடம் பேசுவார்?

நெய்வேலி: மார்ஃபின் கொடுத்தால் கடைசிக் கட்டம் என்று அர்த்தமா? பழக்கமாகிவிடாதா?

இரண்டும் இல்லை. வலி கடுமையாக இருந்தால் எந்தக் கட்டத்திலும் கொடுப்பார்கள். வலிக்கு ஏற்ற அளவில், டாக்டர் பார்வையில் சாப்பிடுகிறவர் போதைக்கு அடிமையாவது மிக அரிது. சாதாரண மார்ஃபின் மாத்திரை சுமார் 4 மணி நேரம்தான் தாங்கும். வலி வரட்டும் என்று காத்திருக்காமல் நேரத்துக்குக் கொடுக்க வேண்டும். மலச்சிக்கல் நிச்சயம் வரும். அதற்கான மருந்தையும் முதல் நாளே கேட்டு வாங்குங்கள். மார்ஃபின் கிடைப்பதில் 1985 போதைப்பொருள் சட்டம் வைத்திருந்த கெடுபிடியை 2014 திருத்தம் தளர்த்தியது. ஆனாலும் சாதாரண மெடிக்கல் ஷாப்பில் தேடி அலையாதீர்கள். பெரும்பாலும் அனுமதி பெற்ற ஆஸ்பத்திரியில்தான் கிடைக்கும்.

அரியாங்குப்பம்: அம்மாவுக்கு மார்பில் புண். நாற்றத்தால் நாலு பேர் நடுவில் உட்காரவே மாட்டேன் என்கிறார்.

நாற்றத்தை அடக்க முடியும். புண்ணை உப்புநீரில் கழுவி, மெட்ரோனிடசோல் மாத்திரையைப் பொடித்துத் தூவிக் கட்டுவது எங்கள் வழக்கம். விலை மிகக் குறைவு. அளவையும் முறையையும் நர்ஸ் ஒருமுறை செய்து காட்டினால் நீங்களே வீட்டில் செய்யலாம். மூக்கைப் பொத்திக்கொண்டு மட்டும் பக்கத்தில் போகாதீர்கள்.

கடலூர் முதுநகர்: மனைவியை அங்கே விட்டுவிட்டு நான் துறைமுகத்துக்கு வேலைக்குப் போனால் ஊர் என்ன சொல்லும்?

ஊரா வந்து ராத்திரியில் புரட்டிப் படுக்க வைக்கிறது? போய் வாருங்கள் அண்ணே. வேலை இல்லாத நாளில் தூங்குங்கள். பார்த்துக்கொள்கிறவரின் ஓய்வும் இந்த ஏற்பாட்டில் சேர்ந்ததுதான்.

பாகூர்: மக்களைத் தேடி மருத்துவம் எங்களுக்கு வருமா?

வராது, பாகூர் புதுச்சேரியில் அல்லவா இருக்கிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய அது தமிழ்நாட்டு அரசின் திட்டம். படுக்கையில் இருப்பவர்களுக்கு வீட்டுக்கே வந்து ஆதரவு சிகிச்சையும் பிசியோதெரபியும் தருகிறார்கள், ஆனால் எல்லைக்கு அந்தப் பக்கம்தான். உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். புற்றுநோய் என்றால் புதுச்சேரி ஜிப்மர் ஆஸ்பத்திரியில் விசாரியுங்கள். கடலூர்க்காரர்களும் அங்கே போகலாம்.

விருத்தாசலம்: கேன்சருக்கு மட்டும்தானா? எப்போது வரலாம்?

இதயம் பலவீனமானவர்கள், நுரையீரல் கெட்டவர்கள், சிறுநீரகம் செயலிழந்தவர்கள் எல்லோரும் வரலாம். கீமோ ஓடிக்கொண்டிருக்கும்போதே வரலாம். முற்றிய நுரையீரல் புற்றுநோய்க்காரர்களிடம் அமெரிக்காவில் நடந்து 2010இல் வெளியான ஆய்வில், ஆரம்பத்திலேயே இந்தச் சிகிச்சையும் சேர்த்துப் பெற்றவர்கள் மனச்சோர்வு குறைந்து, சில மாதங்கள் கூடுதலாகவும் வாழ்ந்தார்கள். நடக்க முடிகிறபோதே வாருங்கள். படுத்த பிறகு இத்தனை தூரம் பஸ்ஸில் அலைக்கழிக்க வேண்டாம். அப்போது வீட்டுக்கு வரும் குழுதான் சரி. முதல் நாள் வரும்போது ரிப்போர்ட் ஃபைலோடு, சாப்பிடுகிற மாத்திரை எல்லாவற்றையும் அட்டையோடு பையில் போட்டு எடுத்து வாருங்கள். நாட்டு மருந்து இருந்தால் அதையும்தான். திட்ட மாட்டோம்.