‘ஃபோர்மட் செய்யவா?’ என்று கேட்டால்: ஹார்ட் டிஸ்க் கேள்வி-பதில்

இம்முறை வந்த கடிதங்களில் முக்கால்வாசி எக்ஸ்டேர்னல் ஹார்ட் டிஸ்க் பற்றியவை. பார்ட்டிஷன் என்றால் என்ன என்று மறுபடியும் விளக்கப்போவதில்லை. நேரே விடயத்துக்கு வருகிறேன்.

மல்லாவி வாசகர்: 1 டெராபைட் டிஸ்க். செருகினால் ஃபோர்மட் செய்யச் சொல்கிறது. ‘ரோ’ (RAW) என்று காட்டுகிறது. உள்ளே பத்து வருட வினாத்தாள்கள். போய்விட்டனவா?

பெரும்பாலும் போகவில்லை. ‘ரோ’ என்றால் டிஸ்க் வெறுமையாகிவிட்டது என்று அர்த்தமில்லை. உள்ளே இருப்பதை விண்டோஸால் வாசிக்க முடியவில்லை, அவ்வளவுதான். என்டிஎஃப்எஸ் (எந்தக் கோப்பு எங்கே என்று கணக்கு வைக்கும் விண்டோஸின் கோப்பு முறைமை) தனது பூட் செக்டரின், அதாவது அந்தக் கணக்கின் முதல் பக்கத்தின், நகலொன்றைப் பார்ட்டிஷனின் (டிஸ்க்கில் பிரித்த பகுதியின்) கடைசியில் ஒளித்து வைத்திருக்கும். பழுது முன்னே இருக்கும் பூட் செக்டரில் மட்டும்தான் என்றால், டெஸ்ட்டிஸ்க் என்ற மீட்பு மென்பொருள் அந்த நகலை எடுத்து முன்னே வைத்ததும் டிஸ்க் எழுந்து உட்கார்ந்துவிடும். ஆனால் அதை மூல டிஸ்க்கில் செய்யாதீர்கள். முதலில் டிடிரெஸ்கியூ என்ற நகலெடுக்கும் மென்பொருள் கொண்டு முழு டிஸ்க்கையும் இன்னொன்றில் நகலெடுங்கள். நல்ல நிலையில் உள்ள டிஸ்க்குக்கு மூன்று மணி நேரம். பழைய யூஎஸ்பி 2 என்றால் இரவு முழுவதும். எதுவரை நகலெடுத்தது என்று குறித்துவைக்கும் மெப் கோப்பையும் சேர்த்துக் கொடுத்திருந்தால், இடையில் கரண்ட் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். எது மூலம், எது நகல் என்று இரண்டு தடவை பாருங்கள். மாறினால் வெறும் டிஸ்க்கை வினாத்தாள்களின் மேல் கொட்டிவிடுவீர்கள்.

பழுதான டிஸ்க்கில் எதையும் எழுதக்கூடாது. இதை இன்னும் சொல்வேன்.

பரந்தன்: டிஸ்க் ‘டிக், டிக்’ என்கிறது. குளிர்சாதனப் பெட்டியில் வைத்து எடுத்தால் சரிவரும் என்கிறார்களே?

மீனைத்தான் அங்கே வைக்க வேண்டும். அந்த ‘டிக், டிக்’ பெரும்பாலும் ஹெட் (உள்ளே சுழலும் தட்டை வாசிக்கும் முனை) பழுதாகும் சத்தம். எந்த மென்பொருளும் உதவாது. உடனே கேபிளைக் கழற்றுங்கள்.

ஒட்டுசுட்டான்: என் டிஸ்க் வேலை செய்யவில்லை. அவசரம். உடனே பதில் தேவை.

எந்த டிஸ்க்? சுழலும் சத்தம் கேட்கிறதா? கேபிளை மாற்றிப் பார்த்தீர்களா? வைத்தியரிடம் போய் ‘எனக்குச் சுகமில்லை’ என்று மட்டும் சொல்லிவிட்டு மருந்துக்குக் கை நீட்டுவீர்களா?

புதுக்குடியிருப்பு, ஸ்டூடியோ நடத்தும் தம்பி: திருமணம், சாமத்தியவீடு என்று மூன்று வருடப் படங்கள். டிஸ்க் பழுதானதும் விண்டோஸோடு வரும் செக்டிஸ்க் ஓடவிட்டேன். இப்போது ஃபவுண்ட்.000 என்ற ஃபோல்டருக்குள் ஆயிரக்கணக்கில் .சிஎச்கே கோப்புகள். என்ன செய்யலாம்?

தம்பி, இந்தக் கேள்வி மாதத்துக்கு நான்கு வருகிறது. ஒவ்வொரு முறையும் எனக்குத் தலை சூடாகிறது. செக்டிஸ்க்கின் வேலை உங்கள் படங்களைக் காப்பாற்றுவதல்ல. கோப்பு முறைமையின் கணக்கைச் சரிக்கட்டுவது. கணக்கில் இடிக்கும் பதிவுகளைக் களைந்து, பெயரில்லாத துண்டுகளை அந்த ஃபோல்டருக்குள் தள்ளிவிட்டு, ‘சரி’ என்று போய்விடும். அதுவும் இறந்துகொண்டிருக்கும் டிஸ்க்கை முழுவதுமாக உருட்டி எடுத்துவிட்டு! எந்தக் கடைக்குக் கொண்டுபோனாலும் முதலில் அதைத்தான் ஓடவிடுகிறார்கள். எனது டிஸ்க்குக்கும் ஒருமுறை அப்படித்தான் நடந்தது. நான் தேநீர் குடித்துவிட்டு வருவதற்குள் முடித்துவிட்டு, ‘ரிப்பேர் பண்ணியாச்சு’ என்று சிரித்துக்கொண்டு நீட்டினார்கள்.

இன்னொன்று. மெமரி கார்டை அழித்துவிட்டு ஒரே டிஸ்க்கில் வைத்திருப்பதற்குப் பெயர் பெக்கப் இல்லை. 2009இல் ஆல்பங்களை எல்லாம் இழந்துவிட்டு, அடையாள அட்டைப் படத்தைப் பெருப்பித்துச் சுவரில் மாட்டியிருக்கும் வீடுகள் உங்கள் தெருவிலேயே இருக்கும். அந்த வீட்டுப் பிள்ளையின் கல்யாணப் படமும் உங்கள் ஒற்றை டிஸ்க்கில்தானே இருக்கிறது?

இனிச் செய்ய வேண்டியது: டிஸ்க்கை முழுதாக நகலெடுத்து, நகலில் ஃபோட்டோரெக் என்ற மீட்பு மென்பொருளை ஓடவிடுங்கள். ஜேபெக் படம் ஒவ்வொன்றும் ஒரே பைட் வரிசையில் தொடங்கும். அதைப் பிடித்துத்தான் அது படங்களைத் தேடுகிறது. .சிஎச்கே கோப்புகளில் சில முழுப் படங்களாகவே இருக்கும், அவற்றின் நகலுக்கு .ஜேபிஜி என்று பெயர் மாற்றித் திறந்து பாருங்கள். மீட்டவற்றை வேறு டிஸ்க்கில் சேமியுங்கள். பழுதான டிஸ்க்கில் எதையும் எழுதக்கூடாது.

கிளிநொச்சி: ஃபோட்டோரெக் நாற்பதாயிரம் கோப்புகள் தந்தது. பெயரும் இல்லை, ஃபோல்டரும் இல்லை!

அது அப்படித்தான் தரும். ‘எஃப்’ என்ற எழுத்து, அதற்குப் பின்னால் இலக்கங்கள். டெஸ்ட்டிஸ்க்கை முதலில் முயன்றிருந்தால் பெயர்களும் மிஞ்சியிருக்கலாம். படம் எடுத்த தேதி பெரும்பாலும் படத்துக்குள்ளேயே இருக்கும். அதை வைத்து வரிசைப்படுத்துங்கள்.

துணுக்காய்: எஸ்எஸ்டியில் (சுழலும் தட்டு இல்லாத டிஸ்க்கில்) அழித்த கோப்புகளை மீட்கலாமா?

ட்ரிம் (அழித்த இடம் இனித் தேவையில்லை என்று எஸ்எஸ்டிக்குச் சொல்லும் கட்டளை) ஓடியிருந்தால் மறந்துவிடுங்கள்.

வவுனியா: பெட்டியை உடைத்து டிஸ்க்கை வெளியே எடுத்தேன். சாட்டா கேபிள் (கம்ப்யூட்டருக்குள் டிஸ்க்கை இணைக்கும் கேபிள்) பொருத்தும் இடமே இல்லை.

சில போர்ட்டபிள் டிஸ்க்குகளில் யூஎஸ்பி முனை டிஸ்க்கின் மின்சுற்றுப் பலகையிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும். சிலவற்றில் தரவு அந்தப் பலகையிலேயே குறியாக்கப்படும். வேறு பலகையால் வாசிக்க முடியாது. உடைத்ததில் ஒரு துண்டையும் வீசாதீர்கள்.

முல்லைத்தீவு: 2018 டிசம்பர் வெள்ளத்தில் மூழ்கிய டிஸ்க். வெயிலில் காயவைத்து எடுத்து வைத்திருக்கிறோம். இப்போது செருகிப் பார்க்கலாமா?

வேண்டாம். டிஸ்க்கின் மூடியில் ஊசித்துளை போலக் காற்றுவழி ஒன்று உண்டு. வெள்ளம் அதன் வழியே போயிருக்கும். நீர் காய்ந்தாலும் வண்டல் தட்டில் ஒட்டியிருக்கும். சுழலவிட்டால் ஹெட் அதில் உரசித் தட்டைச் சுரண்டிவிடும். தூசி நீக்கிய அறை வைத்திருக்கும் மீட்பு நிலையத்தில் மட்டும் திறக்கக் கொடுங்கள். பார்க்க எவ்வளவு, மீட்க எவ்வளவு என்று முன்கூட்டியே எழுத்தில் வாங்குங்கள். அதுவரை பெட்டிக்குள்ளேயே இருக்கட்டும்.