மூடிய ஆலையைக் கலை மையமாக்குவது எப்படி? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: பல ஆண்டுகளாகப் பூட்டிக் கிடந்த ஆலைக் கட்டடம் ஒன்று எங்கள் பொதுநலக் குழுவின் பொறுப்புக்கு வந்திருக்கிறது. அதை எல்லோருக்குமான கலை மையமாக்க விரும்புகிறோம். உள்ளே இருப்பதை இடித்துவிட்டு நவீன அரங்கம் கட்ட வேண்டும் என்கிறார்கள் சிலர். ஒரு செங்கல்லைக்கூடத் தொடக்கூடாது என்கிறார்கள் வேறு சிலர். எங்கிருந்து தொடங்குவது?

பதில்: வரைபடத்திலிருந்து தொடங்காதீர்கள். முதலில் அந்தக் கட்டடத்தைப் பழகிக்கொள்ளுங்கள். காலையில் எந்தச் சன்னல் வழியாக வெளிச்சம் விழுகிறது, மழை பெய்தால் தண்ணீர் எங்கே தேங்குகிறது, கூடத்தின் ஒரு முனையில் பேசுவது மறுமுனையில் எப்படிக் கேட்கிறது என்பதையெல்லாம் சில மாதங்கள் கவனித்து எழுதிவைத்த பிறகே கட்டடக் கலைஞரிடம் போக வேண்டும்.

இதற்கு நான் எப்போதும் நினைத்துக்கொள்ளும் எடுத்துக்காட்டு பிரேசிலின் சாவோ பாவுலோ நகரில் இருக்கிறது. அங்கே இரும்புப் பீப்பாய்கள் செய்த ஆலை ஒன்றைப் பண்பாட்டு மையமாக மாற்றும் பணியை, வணிகத் துறை ஊழியர்களின் நலனுக்காக இயங்கும் செஸ்க் என்ற அமைப்பு 1970களில் லீனா போ பார்டி என்ற கட்டடக் கலைஞரிடம் ஒப்படைத்தது. ஒரு சனிக்கிழமை அவர் அங்கே சென்றபோது, அந்தப் பழைய கூடங்களில் குழந்தைகள் ஓடியாடிக்கொண்டிருந்தார்கள்; ஒழுகும் கூரையின் கீழ் இளைஞர்கள் பந்து விளையாடினார்கள்; தாய்மார்கள் சமையலில் இருந்தார்கள். மக்கள் ஏற்கெனவே தங்களுடையதாக்கிக்கொண்ட இடத்தை அவர்களிடமிருந்து பறிக்கக்கூடாது என்று அவர் முடிவுசெய்தார். கூடங்களை இடிக்கவில்லை, சுவர்ப்பூச்சை உரித்துச் செங்கல்லை வெளிக்கொணர்ந்தார், தரையில் ஆழமில்லாத நீரோடை ஒன்றை வளைந்தோடச் செய்தார், அதனருகே குளிர்காயக் கணப்பும், படிக்க நூலகமும், கைவினைப் பட்டறைகளும் அமைத்தார். 1982இல் அது திறக்கப்பட்டது. விளையாட்டுக்கு உயரமான கட்டடங்கள் தேவைப்பட்டபோது, அவற்றைப் பழைய கூடங்களின் மேல் ஏற்றாமல் பக்கத்திலேயே புதிய கான்கிரீட் கோபுரங்களாக எழுப்பினார். அவை 1986இல் முடிந்தன. உங்கள் குழுவின் இரு தரப்புக்கும் இதில் விடை இருக்கிறது. பழைய கூடத்தை அதன் விசாலத்தோடு விட்டுவிடுங்கள்; அதற்குள் அடங்காததைப் பக்கத்தில் புதிதாகக் கட்டுங்கள். தூண்களுக்கிடையே தடுப்புச் சுவர் எழுப்பிச் சிறுசிறு அறைகளாக்குவதுதான் இத்தகைய கட்டடத்துக்கு இழைக்கும் பெரிய கொடுமை என்பேன்.

இன்னொன்றையும் மறக்க வேண்டாம். அந்த ஆலையில் வேலை பார்த்தவர்களைத் தேடிப் பிடித்து, அவர்களோடு கட்டடத்தைச் சுற்றி வாருங்கள். தரையிலிருந்து துருத்திக்கொண்டிருக்கும் துருப்பிடித்த போல்ட்டு எந்த இயந்திரத்தைத் தாங்கியது, கழிவு எண்ணெயும் இரசாயனமும் எந்த மூலையில் கொட்டப்பட்டன, குழாய்கள் எங்கே புதைந்திருக்கின்றன என்பதெல்லாம் பெரும்பாலும் எந்த வரைபடத்திலும் இருப்பதில்லை; அவர்களுக்குத்தான் தெரியும். மண்ணைச் சோதனைக்கு எங்கிருந்து எடுப்பது என்பதைக்கூட அவர்களைக் கேட்டே முடிவுசெய்யலாம்.

கேள்வி: நிதி இன்னும் சேரவில்லை. ஆனால் ஓவியர்களும் நாடகக் குழுவினரும் இப்போதே உள்ளே வந்து பணியைத் தொடங்கத் துடிக்கிறார்கள். அனுமதிக்கலாமா?

பதில்: அவர்களின் ஆர்வத்தைப் பெரிதும் மதிக்கிறேன், ஆனாலும் இன்றைய நிலையில் அனுமதிக்காதீர்கள். அமெரிக்காவின் ஓக்லாந்து நகரில் கோஸ்ட் ஷிப் என்று அழைக்கப்பட்ட பழைய கிடங்கு ஒன்றில் கலைஞர்கள் உரிய அனுமதியின்றித் தங்கிப் பணியாற்றி வந்தார்கள். 2016 டிசம்பர் 2ஆம் நாள் இரவு, இசை நிகழ்ச்சி நடந்துகொண்டிருந்தபோது தீப்பற்றி 36 பேர் உயிரிழந்தார்கள். தீயணைப்பு நீர்த்தெளிப்பான் அங்கே இல்லை; மேல்தளத்திலிருந்து இறங்கும் படிக்கட்டு ஒன்று மரப்பலகைகளை அடுக்கிச் செய்யப்பட்டிருந்தது. அந்த 36 பேரையும் நினைத்துக்கொண்டுதான் இந்தப் பதிலை எழுதுகிறேன்.

ஆகவே கையில் இருக்கும் முதல் பணத்தை மேடைக்கும் விளக்குக்கும் செலவிடாதீர்கள். கூரை, மின்கம்பி, வெளியேறும் வழிகள், கழிப்பறை ஆகியவைதான் முதல் செலவு. கூரை ஆஸ்பெஸ்டாஸ் தகடாக இருந்தால் ஒரு துளைகூட நீங்களாகப் போடக்கூடாது. உடைத்தாலும் துளையிட்டாலும் கண்ணுக்குத் தெரியாத இழைகள் காற்றில் பறந்து நுரையீரலில் தங்கி, பல பத்தாண்டுகள் கழித்தும் புற்றுநோயை உண்டாக்கும். பயிற்சி பெற்றவர்களைக் கொண்டே அதை அகற்ற வேண்டும். கட்டமைப்புப் பொறியாளரும் தீயணைப்புத் துறையினரும் பார்த்து ஒப்புதல் அளித்த ஒரே ஒரு கூடத்தை மட்டும் முதலில் திறந்து, மற்றவற்றைப் பூட்டியே வைத்திருங்கள். அந்த ஒரு கூடம் ஓராண்டு இயங்கினாலே, அடுத்ததில் என்ன தேவை என்பது உங்களுக்குத் தெளிவாகிவிடும்.

கேள்வி: கூடம் மிக உயரமானது, பேசினால் சொற்கள் கலங்குகின்றன. அங்கே நாடகம் போட முடியுமா?

பதில்: முடியும். செங்கல்லும் கான்கிரீட்டும் ஒலியைத் திருப்பி அனுப்புவதால்தான் இப்படி ஆகிறது. கனமான திரைகளை மடிப்பு மடிப்பாகத் தொங்கவிட்டு, பார்வையாளர்களை நடிப்பிடத்துக்கு மிக அருகே மூன்று பக்கமும் அமர்த்துங்கள்.

கேள்வி: திறந்த பிறகு மாதாமாதம் ஆகும் செலவை எப்படிச் சமாளிப்பது?

பதில்: பின்லாந்தின் ஹெல்சிங்கியில் நோக்கியாவின் பழைய கேபிள் ஆலையில் வாடகைக்கு இருந்த கலைஞர்கள், கட்டடத்தைப் பல பகுதிகளாகப் பிரித்துவிடும் திட்டத்தை எதிர்த்து 1991இல் ஒன்று சேர்ந்தார்கள். கட்டடம் முழுமையாகத் தப்பியது. நகராட்சிக்குச் சொந்தமான நிறுவனம் ஒன்று வாடகை வருமானத்தைக் கொண்டு அதை நடத்திவருகிறது. நீங்களும் சிறு பட்டறைகளை நீண்டகால வாடகைக்கு விடலாம். ஆனால் கூடத்தின் ஒரு பகுதியையேனும், கட்டணமும் நிகழ்ச்சியும் இல்லாமல் யாரும் வந்து உட்காரும்படி திறந்து வையுங்கள். அதற்கான மின்கட்டணத்தையும் துப்புரவுச் செலவையும் முதல் ஆண்டின் கணக்கிலேயே எழுதிவிடுங்கள்.